நாற்காலியை ஆட்டிப் பார்ப்பவர்

உட்காருவதற்கு முன் நாற்காலியின் முதுகைப் பிடித்து இரண்டு முறை ஆட்டிப் பார்க்கிறார் வெங்கடாசலம். கல்யாண மண்டபமானாலும் வங்கி மேலாளரின் அறையானாலும் இது தப்புவதில்லை. ஆடவில்லை என்று தெரிந்த பிறகு இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிக்கொண்டு, கிணற்றில் வாளி இறக்குவதுபோல் உடம்பை மெல்ல இறக்குகிறார். எழும்போதும் அதே கைப்பிடிகள்தான். கூடவே, யாரும் கூப்பிடாமலே ஒரு பதில்: "வாரேன், வாரேன்." வயது எழுபத்து மூன்று. கைப்பிடி இல்லாத நாற்காலியைக் காட்டினால், "நின்னுக்கறனுங்க, பரவால்ல" என்று சுவரோரம் போய்விடுவார்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சேகோ ஆலை இருக்கிறது. லாரியில் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளி வந்து இறங்கும். கொட்டாய்க்குள் பெண்கள் தரையில் உட்கார்ந்து தோல் சீவுவார்கள். அரைத்த பால் தொட்டிகளில் தங்கி மாவாகும். மாவு உருண்டு ஜவ்வரிசியாகிக் களத்தில் காயும். நிர்வாகம் இப்போது மகன் பிரபாகர் கையில். வெங்கடாசலத்துக்கென்று வேலை எதுவும் இல்லை என்றாலும் காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார். களத்திலிருந்து ஒரு பிடி எடுத்துத் தரச் சொல்லி, அதில் ஒரு ஜவ்வரிசியை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். காய்ந்திருந்தால் தலையசைப்பு. இல்லாவிட்டால், "இன்னொரு வெயில் கேக்குது." ஈரம் பார்க்க மகன் ஒரு கருவி வாங்கி வைத்திருக்கிறார். அதுவும் அப்பாவின் பல்லும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத நாளில், "அதை ஒரு தட்டுத் தட்டிப் பாரு" என்பார்.

பாராட்டோ நன்றியோ அவர் வாயில் வராது. சாப்பாடு எவ்வளவு ருசியாக இருந்தாலும் "உப்பு சரியா இருக்குது" என்பதுதான் உச்சபட்சம். இதற்கு ஆலையில் எல்லோரும் அறிந்த ஒரு சான்று உண்டு. இருபத்தேழு வருடங்களுக்கு முன், மாவுத் தொட்டியின் விளிம்பில் நடந்தவர் வழுக்கி உள்ளே விழுந்தார். ஆழம் நெஞ்சளவுதான். ஆனால் அடியில் தங்கிய மாவு காலை ஊன்ற விடவில்லை. அவரை இழுத்துக் கரையேற்றியவர் ஆராயி. அன்று முப்பத்தொன்பது வயது, இன்று அறுபத்தாறு, இன்றும் அதே கொட்டாயில் தோல் சீவுகிறார்.

"பஜ்ஜி மாவுல முக்குன வாழக்காயாட்டம் கெடந்தாரு எங்க மொதலாளி" என்று ஆராயி இதைச் சொல்லும்போது கத்தி நிற்காது. "மூக்கு எது முதுகு எதுன்னு ஒண்ணும் தெரியல. சிக்குனதப் புடிச்சு இழுத்தன். நல்லவேளை, கையா இருந்துச்சு."

கொட்டாயே சிரிக்கும். அவர் காதில் விழும் தூரத்தில் இருந்தால் லாரியைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார். தொட்டியில் விழுந்த அன்று குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு திரும்பி வந்தவர் கேட்டது, "லோடு எறங்கிருச்சா?" அந்தத் தீபாவளிக்கு ஆராயிக்குக் கிடைத்ததும் மற்றவர்களுக்குக் கிடைத்த அதே சேலைதான்.

போன வருடம் ஏப்ரலில் பக்கத்துக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் அகல்யா அவரைப் பார்க்க வந்தார். கூடவே இரண்டாம் ஆண்டு மாணவி ரஞ்சிதா. வயதானவர்கள் உடல்நலத்தோடு எப்படி வாழ்கிறார்கள் என்று கோடை விடுமுறையில் மாணவர்கள் ஆராய வேண்டும், இரண்டு மாத உதவித்தொகை கொடுக்க ஆள் தேவை, அது கிடைக்காவிட்டால் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள் என்றார் அகல்யா.

"வயசு எங்களுக்கு ஆகுது. ஆராய்ச்சி இவங்களுக்கு எதுக்குங்க?"

"உங்களுக்கு ஆனதப் பாத்துக்கிட்டா, இவங்களுக்கு ஆகறப்போ தெரியுமில்லைங்களா?"

அவர் ரஞ்சிதா பக்கம் திரும்பினார். "லீவுல நீ என்ன பண்ணுவ, அம்மிணி?"

"கோழிப்பண்ணையில முட்டை அடுக்கப் போவனுங்க."

"கீழ போட்டிருக்கறயா?"

"ரெண்டு தடவைங்க."

"சரி. கெழவிங்களப் போட்டறாத."

அதுதான் சம்மதம். ரஞ்சிதாவுக்கும் இன்னும் மூன்று மாணவர்களுக்கும் அந்தக் கோடை முழுக்க அவர் பொறுப்பேற்றார். உதவித்தொகைக்கு அவர் பெயரை வைக்கலாம் என்றபோது வேண்டாம் என்றார். ஆய்வைத் தன் கொட்டாயிலிருந்து தொடங்கச் சொன்னார். இந்த வருடமும் நான்கு பேர் வந்திருக்கிறார்கள். போன வருடம் முதல் மாதத் தொகை கைக்கு வந்ததும் ரஞ்சிதா ஓர் அட்டை முட்டையோடு வந்து, "ஒண்ணும் உடையலீங்கய்யா" என்று நீட்டி, கண் கலங்கி நின்றாள். அவர் ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ" என்றார்.

இதற்காக ஒருவரை உடனே புகழ்ந்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம். கொடுப்பவர் நிற்கும் இடம் உயரமானது. அங்கிருந்து கீழ்நோக்கிக் கை நீட்டுவதில் பெரிய சிரமம் கிடையாது. வெங்கடாசலத்தின் சிரமம் போன வருடம் மே மாதத்தில்தான் தொடங்கியது.

கொட்டாயில் அறுபதைத் தாண்டிய பெண்கள் பதினான்கு பேர். முதலில் கை இறுக்கிப் பிடிக்கும் பலத்தை அளக்கும் கருவி வந்தது. "ஏஞ்சாமி, எம்பட பலத்த எனக்கே காட்டறதுக்கு இது வேறயா?" என்று ஆராயி அதை ஓர் அழுத்து அழுத்த, ரஞ்சிதா முள்ளை இருமுறை பார்த்தாள். அடுத்தது நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, கை ஊன்றாமல் ஐந்து முறை எழ வேண்டும். எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். தன் செலவில் நடக்கும் ஆய்வு என்ற ஆர்வத்தில் வெங்கடாசலம் எதிரிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

ஒருத்தர் நுனியில் தொட்டும் தொடாமலும் இருந்து உடனே எழுந்து நின்றார். ஒருத்தர் மார்பில் கட்டிய கையை எடுத்து முந்தானையைச் சரிசெய்தபடியே இருந்தார். ஆராயி உட்காரவே இல்லை. "கால் புடிச்சிருக்குது கண்ணு" என்று நழுவினார். ரஞ்சிதா படிவத்தில் உள்ளபடி, ஒன்பது பேருக்கு நேரே 'முடியவில்லை' என்று எழுதினாள். கோப்பை அலுவலக மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அது அவள் செய்த பிழை.

கொட்டாயில் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பாடு முடிந்ததும் ஆராயி ஒரு கையில் சோற்றுப் போசி, இன்னொரு கையில் தண்ணீர்ச் சொம்பு என்று, தரையிலிருந்து எதையும் பிடிக்காமல் எழுந்து நடந்தார். பின்னாலேயே மற்றவர்களில் பலரும். ரஞ்சிதா சோற்றுக் கையோடு அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே வெங்கடாசலத்தின் முன்னால், கோப்பு பிரபாகர் கையில் விரிந்திருந்தது.

"அப்பா, பதினாலு பேர்ல ஒம்பது பேத்துக்கு நாற்காலிய உட்டே எந்திரிக்க முடியல. ஆராயிக்கும்தான். தொட்டிப் பக்கம், மெஷின் பக்கம் நடமாடறவங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அடுத்த சீசனுக்கு இந்த ஒம்பது பேத்தையும் கூப்புட வேண்டாம்."

அவர் பேச்சில் கொடுமை இல்லை, பயம்தான் இருந்தது. ஆனால் ஒன்பது வீடுகளின் அடுப்பு அந்தத் தாளில் இருந்தது.

"அது நீங்க பாக்கறதுக்கு இல்லீங்கண்ணா" என்றாள் ரஞ்சிதா.

"எங்க காசுல எழுதுனதுதான, அம்மிணி?"

"காசு உங்களுதுங்க. அளவு அவங்களுது." வெங்கடாசலத்தின் பக்கம் திரும்பினாள். "முடியலைன்னு நான் எழுதுனதே தப்புங்கய்யா. நீங்க எதுத்தாப்புல உக்காந்திருந்தீங்க. உங்க முன்னால அவங்க நாற்காலியில உக்காந்ததே இல்லீங்க. உக்காராதவங்க எப்படிங்க எந்திரிப்பாங்க?"

உதவித்தொகை இத்தோடு போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்த வாரம் முட்டை அடுக்கப் போக வேண்டியதுதான். வெங்கடாசலம் மேசையில் கிடந்த ஜவ்வரிசி ஒன்றை எடுத்துக் கடித்தார். காய்ந்திருந்ததா இல்லையா என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை கொட்டாய்க்கு வந்தார். அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியை வழக்கம்போல் இரண்டு முறை ஆட்டினார். பிறகு அதை இழுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விட்டார். திரும்பி வந்து, தூணைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். பெண்கள் பதறி எழுந்துவிட்டார்கள்.

"அட, உக்கோருங்க. எல்லாரும் நின்னா அண்ணாந்து பாத்துக் கழுத்து நோகுது."

"ஏனுங்க மொதலாளி, ஊட்டுல அம்மாகோடச் சண்டையா? இங்க வந்து குத்தவெச்சுட்டீங்க" என்றார் ஆராயி.

"சண்டையில்லாத நாளு எது? நீ போய் அந்தப் புள்ள சொல்றதச் செய்யி."

ஆனாலும் அவர் தரையில் இருக்க, சோதனை நாற்காலியில் அமர ஆராயிக்குக் கால் வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு வெங்கடாசலம் தவழ்ந்தாற்போல் நகர்ந்து, கிழங்குக் குவியலின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆராயியின் கத்தியை எடுத்து ஒரு கிழங்கைச் சீவ ஆரம்பித்தார். முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. ஐந்து முறை கிறீச்சிட்டது.

"ஏழு விநாடி, ஆயா!" என்றாள் ரஞ்சிதா.

"அது நல்லதா, கெட்டதா?"

"என்னாலயே அவ்வளவு வேகமா முடியாது."

முற்பகலுக்குள் ஒன்பது இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டு பேருக்கு உண்மையிலேயே முட்டி தேய்ந்திருந்தது. தரையிலிருந்து எழுவதையும் அளக்கலாம் என்று ரஞ்சிதா தானாக ஒரு பத்தியைத் தாளில் கோடு போட்டுச் சேர்த்தாள். ஆய்வறிக்கையில் பிற்பாடு எல்லோரும் பேசியது அந்தப் பத்தியைப் பற்றித்தான். ஆராயி திரும்பி வந்து பார்த்தபோது அவரது இடத்தில் கோணலும் மாணலுமாகச் சீவிய நான்கு கிழங்குகள் கிடந்தன.

"தோலோட பாதிக் கெழங்கும் போச்சுங்க. இந்த வேலைக்கு உங்கள நான் சேத்த மாட்டன்" என்று கத்தியை வாங்கிக்கொண்டு சீவ உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பிரபாகர் வந்தார். அப்பா தரையில் இருப்பதைப் பார்த்துத் திகைத்து, பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஒம்பது பேர் விசயம்..." என்று இழுத்தார்.

"ரெண்டு பேத்துக்கு முட்டி செரியில்ல. அவங்களுக்கு ஒசரமா முக்காலி செஞ்சு குடு. மத்த யாரையும் கொறைக்கக் கூடாது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்படியே எந்திரிக்க முடியாதவங்கள நிறுத்தோணும்னா, மொதல்ல நான் எந்திரிக்கறனான்னு பாரு. முடியலைன்னா எங்கிட்ட இருந்து ஆரம்பி."

சொல்லிவிட்டு எழப் பார்த்தார். கிழங்குக் குவியலுக்கு நகர்ந்துவிட்டதால் தூண் எட்டவில்லை. இடது கையை ஊன்றினார், முட்டி மடங்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார். "வாரேன், வாரேன்" என்றார். வர முடியவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரபாகர் குனிந்து கை கொடுக்க, வேண்டாமென்று தலையாட்டினார். கையை ஆராயி பக்கம் நீட்டினார்.

ஆராயி துள்ளி எழுந்தார். "இருங்க மொதலாளி, கை பூராவும் கெழங்குப் பாலு" என்று முந்தானையில் துடைத்தார். ஒட்டிக்கொண்டதைத் திருப்பித் துடைத்தார்.

"அன்னைக்குத் தொட்டியில எங்கையி பூராவும் மாவு" என்றார் வெங்கடாசலம். அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தத் தொட்டி வருவது அதுதான் முதல் முறை. "நீ தொடச்சுட்டா புடிச்ச?"

ஆராயியின் கை முந்தானையோடு நின்றது. வெங்கடாசலம் நீட்டிய கையைக் கீழே போடாமல், அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தார்.