ஞாயிற்றுக்கிழமைக்காரர்

கும்மிடிப்பூண்டிக்குத் தொழிற்பேட்டை வந்த புதிதில் எங்கள் கம்பெனிக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். மீசை பெரியது, குரல் சின்னது. அவர் கத்தோலிக்கர், ஞாயிறு பூசை தவறமாட்டார். அவர் மனைவியின் சபைக்கோ சனிக்கிழமைதான் ஓய்வுநாள். ஞாயிறன்று அந்த அம்மாள் துணி துவைப்பார். ஆண்டவரைக் கும்பிட இருவரும் சேர்ந்து போனதே இல்லை.

ஒரு சனிக்கிழமை, அந்தச் சபைக்கு எதிரே மரத்தடியில் அவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். உள்ளே பாட்டு.

"இன்னா சார், இப்டி பாக்கற? ஒசக்கப் போவுது பாரு, அது எங்கூட்டுக்காரி குரலு. ஊட்ல பாடமாட்டா."

"உள்ளே போய்க் கேக்கறதுதானே?"

"போனா, மனசு மாறி வந்துட்டேன்னு எல்லாரும் எனக்கு ஜெபம் பண்ண ஆரம்பிச்சுடுவாங்க. நாளைக்கி எங்க சாமியார் மூஞ்சில எப்டி முழிக்கறது?"

"அவங்களை உங்க பூசைக்குக் கூப்பிடுங்களேன்."

"கூப்ட்டேன் சார். ஞாயித்துக்கெழமைல இன்னா விசேஷம்னு கேக்கறா."

பாட்டு முடிந்ததும் அவசரமாகச் சைக்கிளில் ஏறினார். "அவ வர்றதுக்குள்ள ஊட்ல படுத்துக்கினு இருக்கணும் சார்."

எங்கள் வீட்டில் ஒரே சாமி, ஒரே கிழமை. என் மனைவிக்குப் பாட வருமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.