எலுமிச்சம்பழத்துக்காக நின்ற பால்வண்டி

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கீழ்பென்னாத்தூர் பேருந்து நிலையத்தின் சிமென்ட் பெஞ்சிலிருந்து எழுந்தேன். இரவு அங்கேதான் படுக்கை. கொசுவைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரும் தட்டி எழுப்பவில்லை, குழாயில் தண்ணீர் வந்தது. எதிர்க்கடையில் பத்து ரூபாய்க்கு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சின்ன லோடு வண்டியில் ஒருவர் தனியாகப் பால் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார். கேன் ஒன்று நாற்பது லிட்டர். ஒரு ஆள் தூக்கும் எடை இல்லை.

"அண்ணா, ஒரு கை புடிக்கிறீங்களா? கூட வர்றவன் இன்னிக்கு லீவு போட்டுட்டான்."

பிடித்தேன். "திருவண்ணாமலைதானே போறீங்க, ஏறுங்க" என்றார். இப்படித்தான் எனக்குப் பெரும்பாலான பயணங்கள் அமைகின்றன. வண்டிக்காரரின் பெயர் ஏழுமலை. முப்பத்தைந்து வயதிருக்கும்.

6.20. இரண்டு கிராமங்களில் நின்று இன்னும் ஆறு கேன் ஏற்றினோம். இருபுறமும் மணிலா என்று இங்கே சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகள், நடுநடுவே நெல். மலை தூரத்தில் நீல நிறத்தில் தெரிய ஆரம்பித்தது. ஏழுமலை மலையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டுக்குள்ள பால் சென்டருக்குப் போய்ச் சேரணும்ணா. இந்த மாசத்துல ரெண்டு தபா லேட்டாயி பால திருப்பி வுட்டுட்டாங்க. ஒரு தபா டயர் பஞ்சர், ஒரு தபா ரோட்டுல எவனோ லாரிய குறுக்கால நிறுத்திட்டான். இன்னொரு தபா திரும்பிச்சினா ரூட்ட வேற வண்டிக்குக் குடுத்துடுவோம்னு சொல்லிட்டாங்க."

"உங்க தப்பு இல்லையே?"

"திரிஞ்ச பாலுக்குக் காரணம் சொன்னா நல்ல பாலாயிடுமா?"

6.50. அவர் அதைச் சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு சின்னப் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. முதலில் ஒரு பேருந்து, அதற்கு எதிரே கரும்பு டிராக்டர், இரண்டும் முட்டிக்கொள்வதுபோல. எங்களுக்குப் பின்னாலும் மளமளவென்று வண்டிகள் சேர்ந்தன. ஏழுமலை கேன் மூடிகளின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு முன்னால் நடந்தார். நானும் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

பாலத்தை ஒட்டி ஒரு பிள்ளையார் கோயில். புதிய வண்டி வாங்கியவர்கள் இங்கே பூசை போட்டுவிட்டுத்தான் திருவண்ணாமலைக்குப் போவார்களாம். அதற்கெதிரே மாலை போட்ட ஒரு வெள்ளைக் கார், முகத்தைப் பிள்ளையாருக்கும் முதுகைச் சாலைக்கும் கொடுத்து நின்றது. பின்பாதி முழுக்கச் சாலையில். மிச்சமிருந்த இடைவெளியில் முந்திப்போகப் பார்த்த பேருந்தும் டிராக்டரும்தான் எதிரெதிரே மாட்டிக்கொண்டன.

காருக்குச் சொந்தக்காரர் வெங்கடேசன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவர் குடும்பத்தில் முதல் கார். ஓட்டக் கற்று மூன்று வாரம்தான் ஆகிறது. பக்கத்தில் பட்டுப்புடவையில் அவர் மனைவி, யார் முகத்தையும் பார்க்காமல் தேங்காய்த் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டிய பின்னால எடுங்க சார்" என்றார் ஏழுமலை.

"பூச முடியற வரைக்கும் பின்னால எடுக்கக் கூடாதுங்க. மொத மொத பின்னால போனா நல்லதில்லன்னு அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க."

"அப்ப முன்னால எடுங்க. நாலு அடி போனா போதும்."

"பழம் வெச்சிட்டோமேங்க." நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் இருந்தது. "பூச முடிஞ்சி, கற்பூரம் காட்டி, அப்புறம்தான் ஏத்தணும். அய்யர் பக்கத்து ஊருக்குப் போயிருக்காரு. பத்து நிமிஷத்துல வந்துடறேன்னாரு. ஏழரைக்கு ராகு காலம் பொறக்குது, அதுக்குள்ள வந்துடுவாரு."

பேருந்திலிருந்து இறங்கிய கூட்டம் சூழ்ந்துகொண்டது. நடத்துநர், "லைசன்ஸ புடுங்கணும் இந்த மாதிரி ஆளுங்கள. பத்தாயிரம் ஃபைன் போட்டா அடுத்த தபா ரோட்டுல நிப்பானா?" என்றார்.

"ஃபைன் கட்டிட்டு ரசீத மடிச்சிப் பாக்கெட்ல வெச்சிக்கினு போயிடுவாரு. எனக்கு இன்னா வரும்?" என்றார் கரும்பு ஏற்றிவந்த ஆட்களில் ஒருவர்.

மணிலா மூட்டையோடு நின்ற ஒரு அம்மாள் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, கம்பெனிலேர்ந்து இங்க வரைக்கும் இத்த இன்னா தலமேல தூக்கிக்கினா வந்த? சக்கரத்துலதான வந்துச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். வெங்கடேசனுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஏழுமலை சிரிக்கவில்லை. "சார், என் வண்டியில பதினாலு கேன் பால் கீது. எட்டு மணி தாண்டினா என் பொழப்பு போச்சு. நீங்க சாமிய கும்புடுங்க, நான் வாணான்னு சொல்லல."

அந்த அம்மாள் சொன்னதை நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "சக்கரம் உருளக் கூடாது, அவ்வளவுதானே? தூக்கி வெச்சா?" என்று கேட்டேன்.

வெங்கடேசன் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண், "தூக்கக் கூடாதுன்னு உங்கம்மா ஒண்ணும் சொல்லலியே" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, நான்கு பழங்களையும் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார்.

பையைக் கோயில் படியில் வைத்துவிட்டு நானும் கை கொடுத்தேன். கரும்பு ஆட்கள் ஆறு பேர், நடத்துநர், ஏழுமலை, இன்னும் மூன்று நான்கு பேர். காரின் பின்பக்கத்தை மட்டும் தூக்கி, முன்சக்கரங்களின் மேல் கால் வட்டமாகத் திருப்பினோம். மூன்று தவணையாக வைத்து வைத்துத் தூக்கியதில் கார் சாலையோர மண்ணில் நேராகப் படுத்துக்கொண்டது. என் இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை.

7.10. அதற்குள் ஸ்கூட்டரில் ஒரு பெண் காவலர் வந்தார். கார் நகர்ந்தும் பேருந்தும் டிராக்டரும் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நின்றன. யாரால் என்று கேட்டார். இருபது விரல்கள் வெங்கடேசனைக் காட்டின. காவலர் அபராதச் சீட்டை எடுக்கவில்லை, கார் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சார், நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க, நான் இந்தப் பக்கம். கடைசி வண்டி போற வரைக்கும் நீங்கதான் கை காட்டணும். அதுக்கப்புறம்தான் உங்களுக்குச் சாவி."

"மேடம், ஏழரைக்கு ராகு காலம்."

"அப்ப கைய வேகமா காட்டுங்க."

நாங்கள் பாலத்தைத் தாண்டியபோது, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்கடேசன் எங்களுக்குக் கை காட்டினார். ஏழுமலை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

7.52. பால் குளிரூட்டும் நிலையம், திருவண்ணாமலைக்குச் சற்று முன்னால். ஒவ்வொரு கேன் மூடியையும் திறந்து முகர்ந்து பார்த்து, கொஞ்சம் எடுத்துச் சுடவைத்துப் பார்க்கிறார்கள். திரிந்தால் அந்தக் கேன் வெளியே. ஏழுமலை அருகில் போகாமல் வண்டியின் மறுபக்கம் நின்று டயரை உதைத்துக்கொண்டிருந்தார். பதினான்கு கேனும் உள்ளே போயின. அவர் வந்து என்னைப் பிடித்து இழுத்துப்போய், இரண்டு பொங்கல், இரண்டு வடை வாங்கிக் கொடுத்தார்.

சாப்பிட்டுக் கை துடைக்கும்போதுதான் என் பை கோயில் படியிலேயே இருப்பது தெரிந்தது. மாற்று வேட்டி, போர்வை, சோப்பு. என்னிடம் இருப்பதெல்லாம் அவ்வளவுதான். காலிக் கேன்களோடு அதே வழியில்தான் திரும்ப வேண்டும் என்று ஏழுமலை என்னையும் ஏற்றிக்கொண்டார்.

8.45. சாலை காலியாக இருந்தது. வெள்ளைக் கார் வைத்த இடத்திலேயே நின்றது. வேப்பமரத்தடியில் கணவனும் மனைவியும், நடுவில் என் பை. ஏழுமலை வண்டியைச் சாலையை விட்டு வெகுதூரம் இறக்கி நிறுத்தினார்.

வெங்கடேசன் எழுந்து வந்தார். "பால் இன்னா ஆச்சுங்க?"

"தப்பிச்சிச்சு."

"அதே நெனப்புதான் எங்களுக்கு" என்றார் மனைவி. "கடைசி வண்டி போவ ஏழே முக்கால் ஆயிடுச்சி. அய்யரும் அப்பதான் வந்தாரு. ஒம்போதுக்கு மேலதான் பூசன்னுட்டாரு. ஒண்ணே கால் மணி நேரம். இவரு ஒக்காந்துக்கினு போற வண்டியெல்லாம் எண்ணிக்கினு கீறாரு."

ஏழுமலை முதல் தடவையாகச் சிரித்தார்.

9.05. மணி அடித்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். உடைத்த துண்டுகளை வெங்கடேசனே சாலையிலிருந்து பொறுக்கி ஓரமாகப் போட்டார். கார் பழங்களின் மேல் ஏறியது. ஆனால் மண்ணிலிருந்து சாலைக்கு ஏற அவருக்கு வரவில்லை. இரண்டு முறை எஞ்சின் நின்றது. ஏழுமலை சாலையின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார். இரு பக்கமும் வண்டிகள் நின்றன. ஒரு வேன்காரர் தலையை நீட்டி, "யோவ், ரோடு இன்னா உங்க அப்பன் வூட்டுதா?" என்றார்.

"ரெண்டு நிமிஷம்ணா. புது வண்டி" என்றார் ஏழுமலை.

அவர் கீழ்பென்னாத்தூர் பக்கம் போனார். நான் அந்தக் காரின் பின்சீட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத இருக்கையில், திருவண்ணாமலைக்கு வந்தேன்.

கவனமில்லாமல் சாலையை அடைத்து ஊரை நிறுத்துகிறவருக்குத் தண்டனை வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். மூன்று ஊர்க்காரர்களின் பால் ஒரு பழத்துக்காக வெயிலில் நிற்கக் கூடாது. ஆனால் நான் சுற்றிய ஊர்களில் பணம் கட்டிவிட்டுப் போனவர்கள் போகும்போதே திட்டிக்கொண்டு போவதைத்தான் பார்த்திருக்கிறேன். தான் நிறுத்திய வண்டிகளை ஒவ்வொன்றாக வழியனுப்பிவைத்த ஆளை இன்றுதான் பார்த்தேன். அவர் எடுத்த எங்கள் நேரத்தை அவரிடமிருந்து நேரமாகவே வாங்கிக்கொண்ட அந்தக் காவலரின் பெயரைக் கேட்காமல் விட்டது எனக்கு வருத்தம்தான்.

9.50. ஊருக்குள் நுழைந்ததும் எங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டோ நடுச்சாலையில் நின்றது. ஓட்டுநர் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் ஆசிரமம் வரை எவ்வளவு என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் ஹாரன்கள் கிளம்பின. வெங்கடேசனின் கை ஹாரன்வரை போய்த் திரும்பியது.

"ஒரு ஹாரன் அடிங்களேன்" என்றார் மனைவி.

"வாணாம். பேசி முடிக்கட்டும்."

பேரம் முடிகிற மாதிரி தெரியவில்லை. எதிரே மலை, அதன் கீழே கோபுரம், அரை கிலோமீட்டர்கூட இருக்காது. அவர்களுக்கு நன்றி சொல்லி, பையை இந்த முறை மறக்காமல் எடுத்துக்கொண்டு, இறங்கி நடந்தேன்.