நிதி, பாரம்மா

இது நடந்தது. நம்பாவிட்டால் பரவாயில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கோதண்டராமன் ஈஜிபுராவில் என் பக்கத்து வீட்டுக்காரர். பெங்களூருக்கு வந்து இரண்டு வருடம். விசிட்டிங் கார்டில் 'வரலாற்றுச் செம்மல்'. பட்டம் கொடுத்தவரும் அவரே, வாங்கியவரும் அவரே. ஹெப்பகோடி தாண்டி ஓர் ஏரி, ஏரி நடுவே ஒரு தீவு, தீவில் ஒரு கல். கல்லில் கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தையாம்: நிதி.

"நிதின்னா புதையல், சார். கங்கர் காலம்."

ஞாயிறு மாலை கூட்டம். 'புதையல் கண்காட்சி' என்று அழைப்பிதழே அடித்துவிட்டார். வெறுங்கையோடு மேடையேறினால் மானம் போகும். அது போவதைப் பார்க்கத்தான் நானும் கூடப் போனேன்.

வெள்ளி மாலை 5.40. பரிசல்காரர் கோவிந்தப்பா எங்களை இறக்கிவிட்டார். அவர் தீவில் கால் வைக்காமல் பரிசலிலேயே இருந்துகொண்டார்.

"ஆறு மணிக்குள்ள வந்துடுங்க, சாமி."

கல்லில் எழுத்து நேற்று வெட்டியது போலிருந்தது. சொன்னேன்.

"அந்தக் காலத்து உளி அப்படி," என்றார்.

5.52. தோண்டினோம். மழையில்லாத மாதம்... மண் மட்டும் ஈரம். ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

6.04. மண்வெட்டியில் 'கிளிங்'. ஒரு வெள்ளிக் கொலுசு. மிகச் சின்னது. திருகாணி பளபளத்தது.

"இளவரசி கொலுசு," என்றார்.

6.10. கரைப் பக்கமிருந்து ஒரு பெண் குரல்.

"நிதீ... பாரம்மா..."

அவர் முகம் வெளுத்தது. "போச்சு. புதையலைப் பாருங்கிறா. வேற பார்ட்டி வந்துட்டாங்க."

"கன்னடத்துல 'பாரம்மா'ன்னா 'வாம்மா', சார். யாரையோ கூப்பிடறாங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

நிதி... ஒரு பெயர்.

கரையில் யாருமில்லை.

குழிக்குள்ளிருந்து... மெல்ல...

"பந்தே, அம்மா."

வந்துட்டேன், அம்மா.

ஓடினோம்.

கோவிந்தப்பா பரிசலைத் தள்ளினார். கரை வந்ததும் சொன்னார். "ஏரியில போன பொண்ணு, சாமி. ஏழு வயசு. உடம்பு கிடைக்கல. கல்லு அவங்கம்மா வெச்சது."

அவர் போனதும், "கொலுசை அந்தம்மாகிட்டக் கொடுத்துடலாம்," என்றேன்.

கோதண்டராமன் சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயிறு முடியட்டும்."

ஞாயிறு. மைக் முன்னால் கங்க வம்சத்தில் பாதி தூரம் வந்திருந்தார். 6.10. வாசலில் ஒரு பெண். வெளியே மழை இல்லை. சேலை சொட்டிக்கொண்டிருந்தது.

மேடை வரை வந்து கையை நீட்டினாள்.

கோதண்டராமன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். கொலுசைக் கொடுத்தார்.

அவள் போன வழியெல்லாம் ஈரக் காலடி. பெரியது.

பக்கத்திலேயே... சின்னது.

திங்கள்கிழமை ஏரிக்குப் போனேன். "கூட்டம் நடக்கிற இடத்தை அந்தம்மாவுக்கு நீங்களா சொன்னீங்க?"

கோவிந்தப்பா துடுப்பைக் கீழே வைத்தார்.

"யாருக்கு, சாமி? அவங்க போன தீபாவளிக்கே இதே ஏரியில போயிட்டாங்களே."