பையை மட்டும் ஏற்றுகிறவர்

நான் கொண்டக்டராக இருக்கும் பஸ்ஸில் அவர் தன் பையை மட்டும்தான் ஏற்றுவார். உப்பளத்தில் வேலை முடிந்ததும் அதை என்னிடம் தந்துவிட்டு, பஸ் கடைசியாக நிற்கும் தில்லையடிவரை ஓடியே வந்து வாங்கிக்கொள்வார். மரதன் ஓட்டக்காரர், பயிற்சியும் ஆயிற்று, பஸ் காசும் மிச்சம். புருவமெல்லாம் உப்புப் படிந்திருக்கும். பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவைப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவரே ஏறினார். பதறிப்போனேன்.

“கால்ல ஏதும் நோவா தம்பி?”

“இல்ல நானா,” என்றார், வழமைபோல அண்ணன் முறை சொல்லி. “நாளைக்குப் போட்டி. இன்டைக்குக் கால ஆறவிடோணும்.”

காசு வேண்டாமென்றேன். அவர் விடவில்லை.

“எடுங்க நானா. இன்டைக்கு ஓடாம இருக்கத்தான் இந்தக் காச சேத்து வெச்சன்.”

டிக்கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

போட்டி என்ன ஆயிற்றென்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை வழமைபோலப் பை மட்டும் ஏறியது. அதை முன்சீட்டில், ஜன்னலோரமாக உட்கார வைத்தேன்.