கமால் பாய் இருமவில்லை

மகள் வாங்கித் தந்த புதுத் தோல் பையைப் பிரித்ததும் வாசனை குப்பென்று அடித்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பைக்குள்ளேயே முகத்தை விட்டுவிட்டேன். கிறுக்குத்தனம்தான். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் வாசனையைத் தாண்டாமல் எங்கள் இன்சூரன்ஸ் ஆபீசுக்குள் நுழைய முடியாது.

இப்போது சென்னையில் என் பிழைப்பு, இருபது வருடம் கழித்தும் வரக்கூடிய கிளெய்ம்களுக்குக் கம்பெனி இன்றைக்கே எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பது. அன்று அதையே பென்சிலால் கணித்தோம். ஒரு வழக்கம் மட்டும் கறாராக இருந்தது: மார்ச் மாதக் கணக்கு முடிப்பில், கிளெய்ம் வாங்கும் ஆளை நேரில் பார்க்காமல் தொகை ஒதுக்கக் கூடாது.

எனக்கு வாய்த்தவர் கமால் பாய். தோல் ஷாப்பில் வேலை பார்த்து, மருந்து நெடியில் நுரையீரல் கெட்டவர். முதலாளி எடுத்த பாலிசிப்படி ஆயுள் முழுக்க அவருடைய வைத்தியச் செலவு எங்கள் பொறுப்பு. குறைவாக ஒதுக்கினால் மேலிடம் ஒவ்வொரு பில்லையும் நோண்டும், மாத்திரை தள்ளிப்போகும்.

முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "செத்த இருங்க தம்பி, சாப்டாமப் போகக் கூடாது." பிரியாணி வந்தது. ஒரு இருமல்கூட இல்லை. தெருமுனையில் வண்டி மேல் ஃபைலை வைத்து, 'ஆள் தேறிவிட்டார்' என்று எழுதித் தொகையைப் பாதியாக்கினேன். பெரிய மேதாவி! ஹெல்மெட்டை அவர் வீட்டிலேயே விட்டது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போனால், பாய் சுவரைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தார். அவர் மனைவி முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருக்கலாமேம்மா?"

"விருந்தாளி சாப்புடுற எடத்துல இருமிக்கிட்டா இருப்பாக?"

வாசலில் நின்றே அழித்து, பழைய தொகைக்கு இரண்டு மடங்காக எழுதினேன். அதன்பின் ஒவ்வொரு மார்ச்சிலும் ஹெல்மெட்டை அங்கே மறந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மாற்றலாகி வந்துவிட்டேன். அந்த வழக்கமும் போயிற்று. இப்போது யாரும் யாரையும் போய்ப் பார்ப்பதில்லை. பாயின் கிளெய்ம் எண் மட்டும் எனக்கு மனப்பாடம். வருடா வருடம் பட்டியலில் தேடிப் பார்த்துக்கொள்வேன், ஆள் இருக்கிறார் என்று. நேற்று அதற்கு நேரே பூஜ்யம்.

"ஒரு பொறுப்பு முடிஞ்சது சார், மூலதனம் மிச்சம்" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண். கணக்குப்படி சரிதான். எனக்கு அந்த இருமலை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருக்கிறது.