லிஸ்பனுக்காக ஒரு சொல் தேடித் திருகோணமலை போனேன்

கடந்த ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, வவுனியாவிலிருந்து திருகோணமலைக்குப் போனேன். கடல் பார்க்க அல்ல. நிவேதா ஒரு சொல் கேட்டிருந்தாள்.

நானும் நிவேதாவும் கொழும்பில் ஒன்றாகப் பிரெஞ்சு படித்தவர்கள். போர்த்துக்கலின் லிஸ்பனில் மேற்படிப்புக்கு இருவரும் விண்ணப்பித்தோம்; இடம் அவளுக்குக் கிடைத்தது. நான் வவுனியாவில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். லத்தீன் வழிவந்த மொழிகளில் 'நம்பிக்கை'க்கு என்ன சொல் என்று அவள் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். இத்தாலியத்தில் ஸ்பெரான்சா, ஸ்பானியத்தில் எஸ்பெரான்சா, பிரெஞ்சில் எஸ்பெரான்ஸ். நமக்குக் கதிரை, குசினி, அலுமாரி என்ற சொற்களைத் தந்த போர்த்துக்கேயத்தை இன்னும் பேசும், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் திருகோணமலையில் உண்டு. அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும் என்றாள். சரி என்றேன். சொல்லும்போதே வயிறு எரிந்தது.

காலை 6.15 பஸ். ஹொரவப்பொத்தானை வழியாக ஏறக்குறைய 95 கிலோமீற்றர், கட்டணம் 420 ரூபாய். 9.20க்கு இறங்கினேன். (இடப்பக்க இருக்கை வேண்டாம், வெயில் முகத்தில் அடிக்கும்.) ஓட்டோக்காரர் கிண்ணியாக்காரர். பறங்கியரைப் பற்றி விசாரித்ததும், "மூதூர்ப் படகுத்துறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில ஷெரின் எண்டு ஒராள் இருக்கா. தாயோட ஃபோன்ல அந்தப் பாஷையிலதான் கதைப்பா" என்றார். மூன்று கிலோமீற்றர், 350 ரூபாய்.

ஷெரினுக்கு என் வயதுதான் இருக்கும். கடை அவருடையது. படகு போனதும் கூட்டம் குறைந்தது. என் எதிரே வந்து உட்கார்ந்தார். என்னுடைய ஆராய்ச்சிக்கு என்று பொய் சொன்னேன்.

"ஸ்பெரா எண்டு சொல்லுவம்," என்றார். "காத்திருக்கிறதுக்கும் அதுதான், நம்பியிருக்கிறதுக்கும் அதுதான். இவர் கட்டாருக்குப் போய் மூண்டு வருசம். அம்மா அவரைப் பற்றிக் கேக்கேக்க நான் அதைத்தான் சொல்லுறனான். அம்மா எந்த அர்த்தத்தில எடுக்கிறாவோ தெரியாது."

மூன்று முறை சொல்லிப் பதிவுசெய்து தந்தார். நான் சாப்பிட்ட கேக்குக்குக் காசு வாங்கவில்லை.

பஸ் நிலையத்தில் 2.30 பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது நிவேதாவின் செய்தி வந்தது: "கிடைத்ததா?" 'இது அவளுக்கு எதற்கு? நானே எழுதலாமே' என்று தோன்றியது. "இல்லை. இங்கே இப்போது யாரும் பேசுவதில்லை" என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "அப்படியா, பாவம். திருகோணமலையில் அழிந்துவிட்டது என்று எழுதிவிடுகிறேன்."

நடத்துனர் ரிக்கட் கிழிக்க வந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கடைக்குத் திரும்பிப் போய் ஷெரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேசை துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நாங்க செத்துப்போனம் எண்டோ எழுதி அனுப்பினீங்க?"

"ஓம். பொறாமையில."

"கேக்கும் திண்டுட்டு!" என்றார். பிறகு, "எடுங்க அவவுக்கு. நான் கதைக்கிறன்."

இங்கே மாலை 3.40, அங்கே காலை 11.10. வீடியோவில் நிவேதா வந்தாள். நான் பொய் சொன்னதை முதலில் சொன்னேன். அவள் வாய் திறப்பதற்குள் ஷெரின் தன் மொழியில் ஏதோ கேட்டார். நிவேதா போர்த்துக்கேயத்தில் பதில் சொன்னாள். பாதி புரியாமல் இருவரும் சிரித்தார்கள், திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு நிமிடம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிரெஞ்சை வைத்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிக்க முடிந்தது. காலையில் நிவேதாமீது மட்டும்தான் பொறாமை. இப்போது ஷெரின்மீதும்.

போக நினைப்பவர்களுக்கு: படகு நேரங்களில் கடையில் யாரோடும் கதைக்க ஏலாது, பத்தரைக்குப் பிறகு போங்கள். வவுனியாவுக்கு 4.45க்கும் ஒரு பஸ் இருக்கிறது, ஆனால் என்னைப் போல நின்றுகொண்டுதான் வரவேண்டியிருக்கும். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்பதை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

நிவேதா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு கட்டுரையை அனுப்பினாள். ஷெரினுக்கு நன்றி சொல்லி ஒரு பந்தி இருந்தது, அதன் கடைசி வரியில் என் பெயரும். நான் முதலில் தேடியது என் பெயரைத்தான்.