காய்ந்த துணியை நனைத்த காலை

காலை ஆறரை மணி. தூக்கம் கலைந்து பின்வாசலுக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது அம்மா. மாமா புதிதாகக் கட்டியிருந்த குளியலறையில் குனிந்து நின்று, பெட்டியிலிருந்து எடுத்த காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். சோப்பு இல்லை. என் பள்ளிச் சீருடை, அப்பாவின் கைலி, தம்பியின் டவுசர். எல்லாம் பொன்னமராவதியில் எங்கள் வீட்டில் துவைத்து மடித்து, முந்தின நாள் சாயங்காலம் பஸ்ஸில் கொண்டுவந்தவை.

பெரியம்மா பிழிந்தாள். சித்தி உதறிக் கொடியில் போட்டாள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் துணிகளும் அந்தக் குவியலில் இருந்தன.

“காஞ்ச துணிய ஏம்மா நனைக்கிறே?”

“பெட்டியில வச்சது, பாச்சா உருண்ட நாத்தம் அடிக்குது. போயி பல்ல வெளக்கு.”

பெரியம்மா சிரித்தாள். “ஒம் மக பின்னால வக்கீலாத்தான் வருவாடி.”

எனக்கு அப்போது எட்டு வயது. வீடு அரிமளத்தில் இருந்த மாமாவுடையது. பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் தம்பி, சித்திக்கு அண்ணன். கடைவீதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். தாத்தாவும் ஆத்தாவும் போன பிறகு, தனக்கு இளையவளான சித்தியின் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவர் அவர்தான். சித்தியின் கைக்குழந்தை தவிர எங்கள் எல்லோருக்கும் மொட்டை போட்டதும் காது குத்தியதும் அவர் மடியில் உட்கார வைத்துத்தான். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது துணிப்பையோடு மூன்று ஊருக்கும் பஸ் ஏறுவார். முந்தின தடவை வந்தபோது தோளிலிருந்து முழங்கால் வரை சாண் வைத்துப் பார்த்திருப்பார். அந்த அளவுக்கு ஒரு விரல் கூட்டித்தான் எடுப்பார். அடுத்த வருடமும் ஆகும் என்பார்.

இதற்குள் அவருக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டிருந்தது.

அன்று பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக இருந்தார்கள். பெண் அறந்தாங்கியில் நர்சரிப் பள்ளி டீச்சர். மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவருக்குப் பிடித்திருந்தது என்பதைப் புதிதாக எழும்பிய குளியலறையை வைத்தே ஊர் தெரிந்துகொண்டது. பெண்ணின் அண்ணன், வீட்டில் பாத்ரூம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாராம். அதுவரை அந்த வீட்டில் எல்லோரும் குளித்தது திறந்தவெளியில், தொட்டியோரக் கல்லில். மாமா மேஸ்திரியைக் கூப்பிட்டு நீல டைல்ஸ் பதித்து, கதவு போட்டு, கண்ணாடி மாட்டி முடித்துவிட்டார். ஆனால் தான் கல்லில்தான் குளித்தார். கேட்டதற்கு, “வர்றவங்க மொதல்ல குளிக்கட்டும்க்கா” என்றாராம். அம்மா இதைப் பெரியம்மாவிடம் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

ஏழரை மணிக்கு வாழைத்தாரும் பூவுமாக மாமா கடைவீதியிலிருந்து திரும்பினார். தென்னை மரத்துக்கும் சமையலறைச் சுவருக்கும் இடையே கட்டிய கொடி, ஈரத்தின் கனத்தில் தொய்ந்து தரையைத் தொட்டது. பாவாடைகள், சீருடைகள், கைக்குழந்தையின் துணிகள், அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரின் கைலிகள். அவர்களில் ஒருவர்கூட அன்று வந்திருக்கவில்லை.

“என்னக்கா, வந்த மறுநாளே இம்புட்டுத் துணியா?”

“பிள்ளகுட்டிக்காரிக வந்தா அப்படித்தான் தம்பி. ஒனக்கும் நாலு பொறக்கட்டும், அப்பத் தெரியும்” என்றாள் பெரியம்மா.

மாமா வெட்கப்பட்டார். அதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். வாழைத்தாரை இறக்கிவைத்துவிட்டு அங்கிட்டு எங்கோ மறைந்தவர், ஆள் உயரக் கவட்டைக் கம்பு ஒன்றோடு வந்து கொடிக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தினார். “துணியெல்லாம் மண்ணுல படுது பாருங்க.”

அவர் உள்ளே போனதும் சித்தி மெதுவாகச் சொன்னாள்: “ஆவணியில எம் புள்ளைக்குக் காது குத்தணும். அவ வந்துட்டா அண்ணன் மடி நமக்கு ஏது?”

“மடிய விடு. நாளைக்கு எங்க வீட்டுல ஒரு சண்டைன்னா வந்து எறங்க எனக்கு ஒரு வாசல் வேணும். அவ வந்து ஆறு மாசம் போனா இங்கிட்டு நாம விருந்தாளிதான்” என்றாள் அம்மா.

நானும் தம்பியும் மடிக்குப் பெரியவர்களாகிவிட்டோமே, எங்களுக்கு இன்னும் எதற்கு மடி என்று நான் யோசித்தேன்.

பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அண்ணன், அத்தை. ஆண்கள் முன்னறை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சந்தனக் கலர் புதுச் சட்டையில் மாமா அவர்களுக்கு எதிரே சுவரோரம் நின்றார். அத்தை மட்டும் கால் கழுவ என்று பின்பக்கம் வந்தார். குளியலறையை எட்டிப் பார்த்தார். உள்ளே எங்கள் வாளிகளும் ஈரத் தரையும். பிறகு கொடியைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

“இங்க எத்தன குடும்பம் இருக்கீங்க?”

“எல்லாம் ஒரே குடும்பந்தாங்க. எங்க அண்ணனுக்குக் குடும்பம்னா உசுரு. எங்க புள்ளைகள பாக்காட்டி அதுக்குச் சோறு எறங்காது” என்றாள் சித்தி.

அவர் என் பக்கம் திரும்பினார். “நீ எங்க படிக்கிறே பாப்பா?”

“பொன்னமராவதில, மூணாப்பு.”

அம்மா என் தோளில் கை வைத்தாள். “வர்ற ஜூன்ல இங்கதாங்க சேக்கப்போறோம். மாமன விட்டு இருக்க மாட்டேங்குது.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா வீட்டிலேயே இருப்பது, கடைக்குப் போய்ச் செம்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்குவது, நீல டைல்ஸ் போட்ட அறையில் தினமும் குளிப்பது. அந்த அம்மாளிடம் நானே முந்திக்கொண்டு, “ஆமா, நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கப்போறோம்” என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு முன்னறைக்குப் போய்ப் பெண்ணின் அப்பாவின் காதருகே குனிந்தார்.

கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. பெண்ணின் அப்பா எழுந்து கைகூப்பினார். “நல்ல குடும்பம். இன்னொரு நாளைக்கு வந்து கை நனைக்கிறோம்.”

“சாப்பாடு தயாரா இருக்குங்க. ஒரு வாய்…” என்றார் மாமா.

“இருக்கட்டும் மாப்…” என்று தொடங்கியவர், “இருக்கட்டும் தம்பி” என்று முடித்தார்.

எங்கள் பக்கத்தில் பேச்சு முடியாத இடத்தில் கை நனைக்க மாட்டார்கள். எனக்கு அது தெரியாது. அவர்களுக்குப் போட்ட இலைகளில் எங்களை உட்காரவைத்தார்கள். மாமாதான் பரிமாறினார். நான் இரண்டு தடவை பாயசம் வாங்கிக்கொண்டேன்.

பிற்பகலில் அவர் கொடியிலிருந்து துணிகளை எடுத்தார். சகோதரிகள் மூவரும் உள்ளே படுத்திருந்தார்கள். எது யாருடையது என்று எவரையும் கேட்கவில்லை. பாதிக்கு மேல் அவர் வாங்கிக் கொடுத்தவைதானே. மடித்து மூன்று அடுக்காக வைத்துக்கொண்டு வந்தார். என் சீருடைச் சட்டையை எடுத்தபோது காலரை மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“மாமா, நான் எந்த ஸ்கூல்ல சேரப்போறேன்?”

“எங்க?”

“இங்க. ஜூன்ல. அம்மா சொல்லுச்சு.”

“யாருகிட்ட சொல்லுச்சு?”

“வந்தவங்ககிட்ட.”

அவர் காலரை விரித்துத் தட்டி, சட்டையை மடித்து, அடுக்கின் மேல் வைத்தார். “அம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றார். பிறகு எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தார். தம்பிக்கு முறுக்குப் பொட்டலம் வாங்கித் தந்தார்.

ஜூனில் நான் பொன்னமராவதியிலேயே நாலாம் வகுப்புக்குப் போனேன். மாமா ஏமாற்றிவிட்டார் என்று அவர்மேல்தான் எனக்குக் கோபம். அடுத்த தடவை வந்து சாண் வைத்தபோது நிமிர்ந்து நிற்காமல் நெளிந்தேன்.

ஆவணியில் சித்தி மகளுக்கு அவர் மடியில் காது குத்தினார்கள். என் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் தாம்பாளம் குறையாமல் சீர் கொண்டுவந்தார். பெண் பார்க்கும் பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவில்லை. அவர் எடுக்காததால் நாங்களும் எடுக்கவில்லை என்று அம்மா இப்போது சொல்கிறாள். அம்மா கோபித்துக்கொண்டு போய் இறங்குகிற மாதிரி எங்கள் வீட்டில் ஒரு நாளும் சண்டை வரவில்லை.

போன மாதம் மாமா இறந்தார். காலையில் கடை திறக்காததைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்கு வாசகம் கேட்டார்கள். “நீதான் பத்திரிகையில இருக்கியே, நறுக்குன்னு நாலு வார்த்த எழுதிக் குடு” என்றாள் அம்மா. ‘குடும்பத்தையே உயிராக நினைத்து வாழ்ந்தவர்’ என்று எழுதினேன். கீழே மூன்று சகோதரிகளின் பெயரும் மருமக்கள் எல்லோருடைய பெயரும் வந்தன. பிளெக்ஸ் கடைவீதி முனையில் நின்றது. படிக்கிறவர்கள் தலையாட்டிக்கொண்டே போனார்கள்.

உடலை எடுத்து முடித்த சாயங்காலம் எல்லோரும் தலைமுழுகினோம். குளியலறைக்குள் பழைய மோட்டார்கள் கூரைவரை அடுக்கியிருந்ததால் தொட்டியோரக் கல்லில்தான் குளிக்க வேண்டியிருந்தது. மூன்று குடும்பத்து ஈரத் துணிகளையும் பின்பக்கக் கொடியில் போட்டதும் அது தொய்ந்து தரையைத் தொட்டது. பெரியம்மா கவட்டைக் கம்பைக் கேட்டாள். சித்தி சமையலறைப் பின்பக்கம் தேடினாள், அம்மா தென்னை மரத்தடியில் தேடினாள், நான் மோட்டார்களுக்கு இடையில் தேடினேன்.

அவர் அதை எங்கே வைப்பார் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.